உங்களுக்குத் தெரியுமா? மலைவீட்டுக் கதவும் தற்காப்புச் சட்டமும்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நள்ளிரவில் ஒரு வீட்டுக் கதவை யாராவது உடைத்தால், போலீஸ் ஜீப் அத்தனை வளைவுகளையும் கடந்து வந்து சேரும்வரை அந்த வீட்டுக்காரர்தான் தனக்குக் காவல். கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி காபித் தோட்டங்களுக்குள் தனியாகக் குடியிருப்பவர்களின் நிலையும் இதுதான். அப்படி ஒரு நேரத்தில் எதுவரை போகலாம், எங்கே நிறுத்த வேண்டும்? இது தெரியாமல் சிலர் அடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். சிலர் ஆத்திரத்தில் எல்லை மீறிச் சிறைக்குப் போகிறார்கள். இரண்டுமே நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தத் தகவல்கள்.

★ சட்டப் புத்தகத்தில் இடம்
2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. எண்கள் மாறினாலும் சாரம் மாறவில்லை. தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமாகாது என்றே 34-வது பிரிவு தொடங்குகிறது.

★ மெக்காலே நினைத்தது
பழைய தண்டனைச் சட்டத்தின் வரைவை 1837-ல் தயாரித்தது ஆங்கிலேயரான மெக்காலே தலைமையிலான ஆணையம். அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த நாட்டு மக்களிடம் அதிகம், எதிர்த்து நிற்கும் துணிவை வளர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதனால் தற்காப்பு உரிமையைத் தாராளமாகவே எழுதிவைத்தார். சட்டம் நிறைவேறியது 1860-ல், அமலுக்கு வந்தது 1862 ஜனவரி 1-ல்.

★ பக்கத்து வீட்டுக்கும் பொருந்தும்
உங்கள் உயிரையும் பொருளையும் மட்டும்தான் காக்கலாம் என்று இல்லை. பி.என்.எஸ். 35-வது பிரிவின்படி மற்றவர் உயிரையும், மற்றவர் சொத்தையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. சென்னைக்காரர் பூட்டிவிட்டுப் போன பங்களாவில் திருட வந்தவனைத் தடுக்கக் காவலாளிக்கு உரிமை இருக்கிறது. சத்தம் கேட்டு ஓடிவரும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் இருக்கிறது.

★ ஏழும் நான்கும்
தாக்குபவரின் உயிர் போனாலும் குற்றமில்லை என்று சட்டம் சொல்லும் சூழல்கள், உடலைக் காப்பதில் ஏழு: உயிர் போகும் என்ற அச்சம், கொடுங்காயம் நேரும் என்ற அச்சம், பாலியல் வல்லுறவு, இயற்கைக்கு மாறான பாலியல் தாக்குதல், கடத்தல், போலீஸ் உதவியை நாட முடியாதபடி அடைத்து வைக்க முனைவது, ஆசிட் வீச்சு. ஆசிட் வீச்சு 2013-ல் சேர்க்கப்பட்டது. சொத்தைக் காப்பதில் நான்கு: கொள்ளை, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ அல்லது வெடி வைத்தல், உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்சவைக்கும் திருட்டு, நாசவேலை, வீட்டு அத்துமீறல். வேறு சூழலில் தடுக்கலாம், தள்ளலாம், தேவைப்பட்டால் அடிக்கலாம். உயிரை எடுக்கக் கூடாது.

★ பனிமூட்டம் இரவாகாது
கொடைக்கானலில் மார்கழி மாதம் பிற்பகலிலேயே பனிமூட்டம் இறங்கி, பத்தடி தள்ளி நிற்பவர் முகம்கூடத் தெரியாது. ஆனால் சட்டத்தின் கணக்கில் இரவு என்பது சூரிய அஸ்தமனத்திலிருந்து உதயம் வரை மட்டுமே. பகலில், எவ்வளவு மூட்டமாக இருந்தாலும், உள்ளே வந்தவரால் உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்ததா என்றுதான் நீதிமன்றம் கேட்கும்.

★ தாழ்ப்பாளைத் தூக்கினாலே போதும்
'வீட்டை உடைத்தல்' என்றால் கதவு சுக்குநூறாக வேண்டியதில்லை. சுவரில் துளையிட்டுக் கையை விடுவது, ஜன்னல் வழியாக ஏறிக் குதிப்பது, கம்பியை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது, நீங்கள் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறப்பது, வாசலில் நிற்பவரைத் தள்ளிவிட்டு நுழைவது என எல்லாம் இதில் அடங்கும். உடலின் ஒரு பகுதி உள்ளே வந்தாலே நுழைந்ததாகத்தான் பொருள். அதேசமயம், திறந்திருக்கும் கேட் வழியாகப் பேரிக்காய்த் தோட்டத்துக்குள் வந்து போட்டோ எடுக்கும் சுற்றுலாப் பயணி வீட்டை உடைத்தவர் ஆகமாட்டார். அவரைக் கம்பால் அடித்தால் வழக்கு உங்கள்மேல்தான் வரும்.

★ முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்
ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் எழுந்த நொடியிலேயே உரிமை தொடங்கிவிடுகிறது. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியது. உயிருக்குப் போராடுகிறவர் எத்தனை அடி, எவ்வளவு பலத்தில் என்று கணக்குப் பார்த்து அடிக்க முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. வெறும் சந்தேகமும் பழைய பகையும் நியாயமான அச்சத்தில் சேராது.

★ ஓடி ஒளியச் சட்டம் சொல்லவில்லை
2019 ஆகஸ்ட் 11 இரவு, கடையம் அருகே கல்யாணிபுரத்தில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து வந்த முகமூடிக்காரன் துணியால் இறுக்கினான். உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி கையில் கிடைத்த செருப்பை எடுத்து வீசினார். விடுபட்ட கணவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினார். அரிவாளோடு வந்த இருவரையும் தம்பதியர் விரட்டியடித்தது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி நாடெங்கும் பரவியது. அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்கு வீர விருது கொடுத்தது. தாக்கப்படுகிறவர் புறமுதுகு காட்டி ஓட வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை.

★ ஓடுகிறவனை வெட்டினால்?
கடையம் தம்பதி விரட்டியதோடு நிறுத்தினார்கள். அங்கேதான் எல்லைக்கோடு. ஆபத்து நீங்கியதும் உடலைக் காக்கும் உரிமை முடிந்துவிடுகிறது. வீட்டை உடைத்து வந்தவன் உள்ளே இருக்கும்வரை உரிமை இருக்கும். வெறுங்கையோடு வெளியேறி ஓடியவனைச் சோலைக்காடுவரை துரத்திப்போய் வெட்டினால் அது கொலை வழக்கு. பொருளோடு ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்துப் பொருளை மீட்கலாம். பொருள் கைக்கு வந்தபிறகு விழும் ஒவ்வொரு அடியும் குற்றம்.

★ நேரம் இருந்தால் போலீஸ்
காவல்துறையை நாட நேரம் இருக்கும்போது தற்காப்பு உரிமை இல்லை என்கிறது 37-வது பிரிவு. 'நாளைக்கு வந்து வெட்டுவேன்' என்று ஒருவன் மிரட்டினால், இன்று இரவே அவன் வீட்டுக்குப் போவது தற்காப்பு ஆகாது. மன்னவனூர் கொடைக்கானல் நகரிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. அங்கே கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் நுழையும்போது போலீஸ் வர நேரம் இருந்ததா என்ற கேள்விக்கு அந்தத் தூரமும் மலைப்பாதையுமே விடை சொல்லும். தூரம் எவ்வளவானாலும், தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் மாறாது.

★ வழிதவறி வந்த விருந்தாளி
காட்டேஜ்கள் நிறைந்த ஊரில் இது முக்கியம். உள்ளே வர உரிமையுள்ள ஒருவர் இரவில் வீட்டுக்குள் நுழைகிறார். அவரைத் திருடன் என்று நல்லெண்ணத்தோடு தவறாக நினைத்து நீங்கள் தாக்கினால் குற்றமில்லை என்று சட்டமே எடுத்துக்காட்டு தருகிறது. அதே எடுத்துக்காட்டு இன்னொன்றும் சொல்கிறது: தாக்கப்பட்ட அவருக்கும் உங்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. நல்லெண்ணம் என்பதில் கவனமும் அடக்கம். ஒரு குரல் கொடுங்கள், விளக்கைப் போடுங்கள். அந்த ஒரு நொடி ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

★ ஊர் கூடி அடிப்பது தற்காப்பு ஆகாது
2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டியை, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பி ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. வெளியூர் முகங்கள் தினமும் வந்துபோகும் கொடைக்கானலும் பழனியும் இதை மறக்கக் கூடாது. உங்கள் கண்ணெதிரே பிணையில் விட முடியாத கடுங்குற்றம் செய்தவரை நீங்களே பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 40-வது பிரிவு. கட்டிவைத்து அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

★ மாவு மில் வழக்கு
1988 மார்ச் 15, பாரத் பந்த் நாள். கேரளத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மாவு மில்லுக்குள் பந்த் ஆதரவாளர்கள் புகுந்து தாக்கினார்கள். மில் தரப்பிலிருந்து துப்பாக்கியால் சுட்டதில் இருவர் இறந்தனர்; வழக்கு தந்தை, மகன் இருவர்மீதும் வந்தது. கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டித்தன. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தற்காப்பு என்று ஏற்று விடுவித்தது. இடையில் போனது பதினைந்து ஆண்டுக்கு மேல். உரிமை உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கின் அலைச்சல் உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

★ கரண்ட் கம்பி கேடயம் ஆகாது
பிகாரில் ஒருவர் தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துவதைத் தடுக்க, போகும் வழியில் உறையில்லாத செம்புக் கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். அதைத் தொட்ட பெண் இறந்தார். அத்துமீறி வந்தவர் என்பதற்காக அவர் உயிருக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகாது, இது தற்காப்பும் ஆகாது என்று 1963-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் பயந்து தோட்டத்தைச் சுற்றி வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுபவர்கள் இதைப் படிக்க வேண்டும். விடியற்காலையில் அந்த வழியே முதலில் வருவது விறகுக்கோ வேலைக்கோ போகும் மனிதராகவும் இருக்கலாம். சோலார் மின்வேலியைக்கூட முறைப்படி பதிவுசெய்து, நிர்ணயித்த தரத்தில்தான் அமைக்க வேண்டும் என்று தமிழகத்தில் 2023-ல் விதிகள் வந்துவிட்டன. விலங்குகளுக்கு வைக்கும் அவுட்டுக்காய் வெடி, சுருக்குக் கம்பி இரண்டுக்கும் சட்டத்தில் இடமே இல்லை.

★ காட்டுமாடு எதிரே வந்தால்
கொடைக்கானல் தெருக்களில் காட்டுமாடு நடமாடுவது அன்றாடக் காட்சி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 11-வது பிரிவுப்படி, தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் காயப்படுத்தினாலும் கொன்றாலும் குற்றமில்லை. இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்த நேரத்தில் நீங்கள் வேட்டை போன்ற சட்டமீறலில் இருக்கக் கூடாது. இறந்த விலங்கு அரசின் சொத்து. கறியும் கொம்பும் உங்களுக்கு இல்லை. இந்த விலக்கு பயிரைக் காக்கக் கிடையாது. 2025 ஜனவரியில் காட்டுப்பன்றியைச் சுட அரசு எடுத்த முடிவும் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால், வனத்துறையினருக்கு மட்டுமே. காட்டுமாட்டைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவதே நல்லது.

★ கையில் என்ன இருக்கலாம்?
உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் அதுவே தனிக்குற்றம். 'தற்காப்புக்குத்தான் வைத்திருந்தேன்' என்றால் எடுபடாது. வெட்டரிவாள், கொத்து, மண்வெட்டி ஆகியவை விவசாயக் கருவிகள்; வீட்டில் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. மிளகு ஸ்பிரேவுக்கும் உரிமம் வேண்டாம். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத வாய்த்தகராறில் மிளகு ஸ்பிரே அடித்ததைத் தற்காப்பாக ஏற்க முடியாது என்று 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

★ ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால்
தற்காப்பு என்றால் வெளியிலிருந்து வரும் திருடனைத்தான் நினைக்கிறோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து பல நேரம் உள்ளிருந்தே வருகிறது. 2012-ல் மதுரையில், குடித்துவிட்டு வந்து மகளையே பலாத்காரம் செய்ய முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவன் இறந்தான். அப்போது காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க், தற்காப்புப் பிரிவைச் சுட்டிக்காட்டி அவரை விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே கத்தியைக் காட்டிப் பலாத்காரம் செய்ய முயன்ற உறவினரைக் கொன்ற 19 வயதுப் பெண்ணையும் போலீஸ் இதே பிரிவில் விடுவித்தது. மகளைக் காக்கக் கணவனைக் கொன்ற இன்னொரு தாய்மீதிருந்த கொலை வழக்கை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தாலி கட்டியவன், சொந்தக்காரன் என்ற உறவு எதுவும் இந்த உரிமையைப் பறிக்காது.

★ வெளியேற வேண்டியது யார்?
அடி வாங்கும் பெண்ணையே 'அம்மா வீட்டுக்குப் போ' என்பது நம் ஊர் வழக்கம். 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே குடியிருக்க உரிமை உண்டு. அடிக்கும் கணவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. மேல்மலையிலிருந்து தப்பி வத்தலக்குண்டில் தாய்வீட்டில் தங்கியிருந்தால், அந்தப் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். தற்காலிகமாகத் தங்கும் இடமும் போதும்.

★ நல்லதங்காளும் நீதிமன்றமும்
கணவனின் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, பிள்ளைகள் இறக்கத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989-ல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கொடுமையையும் ஆத்திரமூட்டலாகக் கருத வேண்டும் என்றது. தண்டனையைக் குறைக்க அது உதவலாம். போன உயிர்களைத் திருப்பித் தராது. அந்த நிலைக்குப் போகும் முன்பே பெண்கள் உதவி எண் 181-க்கு ஒரு போன் செய்யுங்கள்.

★ நிலத் தகராறில் ஆள் சேர்க்காதீர்கள்
பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம். ஆனால் வேறொருவர் நீண்டகாலமாக அமைதியாக அனுபவித்துவரும் இடத்தில் ஆள் திரட்டிப்போய் வெளியேற்றத் தற்காப்பு உரிமை இல்லை. இன்று காலை வேலியைப் பிடுங்கி நுழைகிறவரை அப்போதே தடுக்கலாம். உங்களைப் பலவந்தமாக வெளியேற்றிவிட்டால் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு, உரிமையை நிரூபிக்காமலே அனுபவத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது.

★ சீருடைக்கு எதிராக?
கடமையை நல்லெண்ணத்தோடு செய்யும் போலீஸ், வனத்துறை அலுவலர்மீது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை இல்லாதபோது, கை ஓங்கக் கூடாது. நடவடிக்கையில் சட்டக் குறை இருந்தாலும் அதை நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். ஆனால் வந்தவர் அரசு ஊழியர் என்று உங்களுக்குத் தெரியாமலும், நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தால் உங்கள் உரிமை குறையாது. ஆகவே அடையாள அட்டையைக் கேளுங்கள்.

★ எல்லை மீறிவிட்டால்
பழிவாங்கும் எண்ணமோ முன்திட்டமோ இல்லாமல், நல்லெண்ணத்தோடு தற்காத்தபோது அளவு மீறி உயிர் போய்விட்டால், அது கொலை ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குறைந்த குற்றமாகும். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவருடையதுதான். ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

★ சம்பவம் முடிந்த அடுத்த நிமிடம்
முதலில் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். அடிபட்டவர் திருடனே ஆனாலும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லுங்கள். உங்கள் நல்லெண்ணத்துக்கு அதுவே சாட்சி. உடைந்த தாழ்ப்பாள், சிதறிய கண்ணாடி எதையும் அப்புறப்படுத்தாதீர்கள். உங்கள் உடம்பில் சிறு கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பார்க்காமல் புகார் கொடுக்கலாம். சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்களுக்கும், பளியர் உள்ளிட்ட பழங்குடியினருக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100.

112, 181, 1098, 15100 என்ற நான்கு எண்களையும் இன்றே எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். 1098 குழந்தைகளுக்கானது, பிள்ளைகளுக்கு அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். தோட்டத்தில் தனியாக இருக்கும் காவலாளிக்கும், வீட்டில் அடி வாங்கியும் வெளியே சொல்லாத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். தடுக்கும்வரை சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஆபத்து நீங்கிய பிறகு தண்டிக்கும் வேலையை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுங்கள்.